ஆண்பிள்ளைக்கு வந்த நீளச் சட்டை

என் மகன் எமிலுக்கு நான்கு மாதமானபோது தபாலில் ஒரு சட்டை வந்தது. வெள்ளை நிறம், கழுத்திலும் கையிலும் லேஸ், பிள்ளையின் காலுக்குக் கீழே இன்னும் ஒரு முழம் தொங்கும் நீளம். அனுப்பியவர் டென்மார்க்கில் இருக்கும் என் மாமனார். மனைவி இங்கா அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் குசினிக் கதவில் கொழுவினாள். பிரெஞ்சுத் தலைநகரில், எங்கள் ஆட்கள் நிறைந்த லா சப்பலில் எங்கள் வீட்டுக் குசினி, ஒருவர் உள்ளே நின்றால் மற்றவர் வெளியே நிற்க வேண்டிய அளவு. தேத்தண்ணி போடப் போகும் போதெல்லாம் அந்தச் சட்டை என் தோளில் உரசியது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஆண்பிள்ளைக்குக் கவுணா என்று நான் கோபித்ததாக ஊரில் இருந்து வாசிப்பவர்கள் நினைக்க வேண்டாம். என்னையே இரண்டு வயதில் கவுண் போட்டு, பொட்டு வைத்து, தலையில் பூச்சூடி, சுன்னாகத்து ஸ்ரூடியோவில் படம் எடுத்திருக்கிறார்கள். படத்தில் நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். என் சந்தேகம் வேறு.

சட்டையோடு இரண்டு பக்கக் கடிதமும் வந்திருந்தது. மாமனார் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். இங்கா அதைப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு போனாள். முற்காலத்தில் அவர்கள் நாட்டில், கைகால் நேராக வளரட்டும் என்று பிறந்த பிள்ளையைத் துணிப்பட்டையால் இறுகச் சுற்றி வைப்பார்களாம். அதிலிருந்து விடுபட்டால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கவுண்தான். நடை பழகும்போது கவுணின் தோளில் பட்டி தைத்து, மாட்டைப் பிடிப்பது போலப் பின்னால் பிடித்துக்கொள்வார்கள். ஆண்பிள்ளைக்கு ஐந்து ஆறு வயதில்தான் முதல் காற்சட்டை. அது வீட்டில் ஒரு கொண்டாட்டம். ஒரு படமும் இருந்தது. இங்காவின் பூட்டன் நான்கு வயதில், கவுணும் சப்பாத்துமாக, பொலிஸ்காரன் மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கிறார். எமிலையும் அப்படி ஒரு படம் எடுக்கத்தான் இந்தச் சட்டையாம்.

எல்லாம் சுவையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சட்டை அனுப்ப இவ்வளவு சரித்திரம் எதற்கு? நான் யுத்தத்தில், ஆமியின் செக்பொயின்றுகளுக்கு நடுவில் வளர்ந்தவன். கேட்காத கேள்விக்கு ஒருவர் நீளமாகப் பதில் சொன்னால், அதற்குள் எதையோ ஒளிக்கிறார் என்றுதான் என் புத்தி போகும். இங்கா குளிக்கப் போன நேரம் சட்டையின் உள்மடிப்பைத் திருப்பிப் பார்த்தேன். நூலால் ஏழு பெயர்கள் தைத்திருந்தார்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு திகதி. கடைசிப் பெயர் இங்கா. அதற்குக் கீழே இன்னொரு பெயருக்கு அளவாக இடம் விட்டிருந்தது.

கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் சேலைக்கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவரிடம் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"தம்பி, இது ஞானஸ்நானச் சட்டை. என்ரை மனிசியின்ரை ஆக்களிலை வேதக்காரர் இருக்கினம். அவையளும் உப்பிடி வெள்ளையிலைதான் போடுறவை."

"சும்மா படம் எடுக்கத்தானாம், அண்ணை."

"ஓமோம், படம்தான். தலையிலை தண்ணி ஊத்தேக்கை எடுக்கிற படம். பேரையும் தைச்சுப்போட்டினமெண்டால் பிறகு நீர் ஆர், பெடியன் ஆர்?"

அன்றிலிருந்து இங்கா தகப்பனோடு போனில் பேசினால் என் காது அங்கேதான். டேனிஷில் எனக்குப் பத்துச் சொல் தெரியும். அதில் ஒன்று தேவாலயம். அந்த ஞாயிற்றுக்கிழமை அது மூன்று தரம் வந்தது. யூலையில் அங்கே போக ரிக்கற்றும் எடுத்தாயிற்று. என்னைக் கேட்காமல் என் பிள்ளையைத் தங்கள் பக்கம் எடுத்துவிடப் போகிறார்கள் என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

இங்கே ஒன்றை மறைத்தால் இதை எழுதியே பிரயோசனம் இல்லை. பாம்பின் கால் பாம்பறியும். பிள்ளை பிறந்த துடக்குக் கழியும் முப்பத்தோராம் நாள் இங்கா வைத்தியரிடம் போக இருந்தாள். வீட்டுக்குக் கிட்ட இருக்கும் ஸ்டாலின்கிராட் வாய்க்கால் வரை காற்றாடப் போய்வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, தள்ளுவண்டியைக் கோயிலுக்குத் தள்ளினேன். "தாய் வரேல்லையோ?" என்று ஐயர் கேட்டார். "அவவுக்குச் சுகமில்லை, ஐயா" என்றேன். பிள்ளையின் வலது காதில் கதிரவன் என்று மூன்று தரம் சொன்னேன். பிறப்புப் பதிவில் எமில் மட்டும்தான் இருக்கிறது. திரும்பும் வழியில் நெற்றித் திருநீற்றை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து, வாய்க்கால் பக்கம் நல்ல வெயில் என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் இங்கா அந்தச் சட்டையை ஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இதை அவனுக்குப் போட விடமாட்டேன். உன் அப்பா தேவாலயத்தில் நாள் வைத்துவிட்டார், இல்லையா? என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?"

அவள் ஸ்திரிக்கைப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நாள் வைத்தார். வேண்டாம் என்று மூன்று கிழமையாக அவரோடு சண்டை பிடிப்பது நான். இது படத்துக்கு மட்டும்."

பிறகு அறைக்குள் போய் லாச்சியைத் திறந்து ஒரு சின்னத் தொப்பியைக் கொண்டுவந்தாள். உள்விளிம்பில் காய்ந்த சந்தனமும் திருநீறும் ஒட்டியிருந்தன. நெற்றியைத் துடைத்தவனுக்குத் தொப்பியின் ஞாபகம் வரவில்லை.

"நான் இதைக் கழுவவில்லை. நீயாகச் சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றாள். "அப்பாவிடம் ஒவ்வொரு கிழமையும் நான் சொல்வது ஒன்றுதான். பிள்ளையின் தகப்பனைக் கேட்காமல் எதுவும் செய்ய முடியாது என்று."

எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. சந்தேகப்பட எனக்கு என்ன தகுதி இருந்தது? ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும், மாமனார் நாள் வைத்தது உண்மை. என் பயம் முழுப் பொய் இல்லை என்பதை அந்த நேரத்திலும் மனது பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

"உங்கள் கோயிலில் பிள்ளையின் காதில் பெயர் சொல்வீர்களாமே. என்ன பெயர் சொன்னாய்?" என்று கேட்டாள்.

சொன்னேன். மெதுவாக இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"மூன்று மாதத்துக்கு மேலாக என் பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது."

சட்டையையும் தொப்பியையும் அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தாள். நானும் பின்னால் போனேன். இரண்டுக்கும் நடுவில், ஒபர்வில்லியே மொத்தக் கடையில் வாங்கிய பச்சை உடுப்போடு கிடந்த பிள்ளை விழித்து அழுதான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். அவள் விலகி எனக்கு இடம் விட்டாள். எமில் என்று கூப்பிடவும் வாய் வரவில்லை, கதிரவன் என்று கூப்பிடவும் வாய் வரவில்லை. அப்படியே தூக்கினேன்.