ஏம்பலத்தில் புகை ஏறாத மாடி

எங்கள் மாமா ஏம்பலத்தில் கட்டிய வீட்டில் புகைக்கு மட்டும் நடமாட அனுமதி கிடையாது. பிரான்சில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர், கொத்தனார் தலையைப் பிய்த்துக்கொள்ளும்படி அந்த வீட்டைக் கட்டினார். சமையலறைக்கும் மாடிப்படிக்கும் கனமான கதவுகள். திறந்து விட்டால் தாமாகவே மூடிக்கொள்ளும். கதவோரம் முழுக்க ரப்பர் பட்டை. மாடியில், புகை பட்டால் கத்துகிற ஒரு வெள்ளைப் பெட்டி.

"நெருப்புக்கு முன்னாடி புகைதான் ஆள கொல்லும். கீழ பத்திக்கினாலும் மேல தூங்கறவன் பொழைக்கணும்" என்று வருவோர் போவோருக்கெல்லாம் கதவைத் திறந்து மூடிக் காட்டுவார். ஒன்பது வயதுப் பெண்ணான எனக்கே அலுத்துவிட்டது.

வம்பு புதுமனைப் புகுவிழா அன்று வந்தது. ஹோமப் புகை எல்லா அறைக்கும் போனால்தான் வீடு சுத்தமாகும் என்றார் ஐயர். கூடம் முழுக்கப் புகை. எல்லோர் கண்ணிலும் தாரை தாரையாகத் தண்ணீர். மாடிக்கோ ஓர் இழைகூட ஏறவில்லை. மாமாவுக்கு முகமெல்லாம் பெருமை. அத்தைக்கு வந்ததே கோபம்!

"மேல புகை போவாம நான் பால் காய்ச்ச மாட்டேன். நீங்களும் உங்க கதவும் குடித்தனம் பண்ணுங்க!"

நல்ல நேரம் முடியக் கால் மணிதான் இருந்தது. அத்தை சொன்னதைச் செய்கிறவர். தாய்வீடு இருக்கும் பாகூரும் ஒன்றும் தூரமில்லை. மாமா இறங்கி வந்தார்.

"கதவ புடிச்சிக்கினு நில்லுடி. அஞ்சே நிமிஷம்."

முதுகைக் கொடுத்து நின்றேன். புகை என்னைத் தாண்டிப் படியேறியது. அத்தை கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்போதுதான் மேலே அந்தப் பெட்டி கத்தத் தொடங்கியது. ஐயோ, என்ன சத்தம்! கூடத்தில் பூவும் பொட்டுமாக நின்ற பசு மிரண்டு, நேரே என்னைப் பார்த்து ஓடிவந்தது. நான் கதவையும் கடமையையும் விட்டுவிட்டு அம்மா மடியில் போய் விழுந்தேன். கதவு சாவகாசமாக மூடிக்கொண்டது. பசு அதன்முன் திகைத்து நின்று, புதுத் தரையில் தாராளமாகச் சாணி போட்டது.

"லட்சுமியே வந்துட்டா!" என்றார் ஐயர். எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். பாலும் பொங்கியது.

மத்தியானம் சொந்தக்காரர்கள் கிளம்பியபின் மாமா மாடியில் படுத்துத் தூங்கிப்போனார். அத்தை மாடிப்படிக் கதவருகே மண்டியிட்டு, அடி இடுக்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கதவைத் திறந்து விட்டு, அது மூடியதும் மறுபடி கை வைத்தார்.

"இன்னா அத்த பாக்கற?"

"எறும்பு வருதான்னு பாக்கறேன்டி."

பிரான்சில் மாமா குடியிருந்த கட்டடம் எரிந்தபோது, அறைக்கதவை மூடி, இடுக்கில் ஈரத்துண்டை அடைத்துக்கொண்டு அவர் உள்ளேயே கிடந்தாராம். ஆட்கள் வந்து மீட்கும்வரை இங்கே அத்தை போனில் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். இதெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அன்று நானும் குப்புறப் படுத்து, அந்த இடுக்கில் கண்ணை வைத்து எறும்பு தேடினேன்.

"ஒண்ணுகூட உள்ள போவ முடியாது அத்த" என்றேன்.

அத்தை என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். எறும்பு வரவில்லை என்பதற்கா ஒருவர் இப்படி அழுவார் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.