மோடம் போட்ட நாளில் மடித்த குடை

என் அக்காவின் கைகளை வேக வைத்தவன் நான். இதை இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

அக்கா பிறவியிலேயே வெளுத்தவள். தோல், முடி, இமை எல்லாமே வெள்ளை, பார்வையும் மங்கல். வெளியே கிளம்பினால் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைத் தாவணிக்கு மேல் மாட்டிக்கொள்வாள். குடை பிடிப்பது என் வேலை. அவளுக்குப் பதினெட்டு வயது, எனக்குப் பத்து. திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். விசைகளைப் பார்க்காமல் அடிப்பதே அங்கே முறை என்பதால் வகுப்பில் அவள்தான் முதல்.

பரீட்சைக்கு முதல் நாள் அம்மா எங்கள் இருவரையும் பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு அனுப்பினாள். வானம் முழுக்க மேகம். ஏறும் வழியில் என் வகுப்புப் பையன்கள் எதிரே இறங்கி வந்தார்கள்.

“மழையும் இல்ல, வெயிலும் இல்ல, யாருக்குடா கொடை? உங்கக்கா இன்னா வெண்ணெயா, உருகிடுமா?”

அவர்கள் போனதும் குடையை மடித்தேன். “மோடம் போட்டுக்கினு கீதுக்கா. அந்தச் சட்டையையும் கழட்டிடேன்” என்றேன். அக்கா ஒரு முறை வானத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு சட்டையைக் கழற்றி என்னிடம் தந்தாள். உச்சியில் நல்ல காற்று. சாமி கும்பிட்ட பிறகும் மதியம் வரை பாறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

மாலைக்குள் அவள் முகமும் கழுத்தும் சிவந்துவிட்டன. மறுநாள் காலையில் புறங்கைகளில் கொப்புளம். விரல்கள் வீங்கி மடங்கவில்லை. அம்மா என் பக்கம் திரும்புவதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“அவன் புடிக்கிறேன்னுதாம்மா சொன்னான். நான்தான் வேணாம்ட்டேன்.”

திட்டு முழுவதும் அவளுக்கு. பொறுப்பான தம்பி என்ற பாராட்டு எனக்கு. வாயைத் திறக்காமல் அதை வாங்கிக்கொண்டேன்.

கைகளில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு திண்டிவனம் போனவள், அரைப் பக்கம்கூட அடிக்க முடியாமல் திரும்பினாள். ஆறு மாதம் காத்திருந்து மறுபடி எழுதித் தேறினாள். விழுப்புரத்தில் வேலை கிடைத்தது. அந்த வேலையில் இருந்துகொண்டுதான் என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தாள். இந்த நாலு வரியை எழுத முடிகிறதென்றால் அதுவும் அவளால்தான்.

போன மாதம் அவளை விழுப்புரத்தில் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். மேகம் மூடியிருந்தாலும் முழுக்கைச் சட்டை, குடை, களிம்பு எதையும் விடக் கூடாது, வெயில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தோலைச் சுடும் என்றார் அந்த இளம்பெண்.

அக்கா சிரித்தாள். “அது தெரியும்மா. ஏழு வயசுலயே மோடத்துல வெந்துகினு வந்து படுத்திருக்கேன்.”

வாசலில் குடையை விரித்துப் பிடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஏழு வயதிலேயே தெரியும் என்றால், மலையேறிய அன்றும் தெரிந்திருக்கிறது.

“தெரிஞ்சேவா அன்னிக்குச் சட்டைய கழட்டின?”

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

“அந்தப் பசங்க பேசினப்ப உன் மூஞ்சி எனக்குத் தெரியலடா. ஆனா கொடை நடுங்கிச்சி.”