சௌரிராஜன் துடைத்த குழாய்

உள்ளங்கை இரண்டையும் மூக்கருகே கொண்டுபோய் ஒரு தரம் முகர்ந்து பார்த்த பிறகுதான் சௌரிராஜன் மீட்டர் அறைக்குள் கால் வைப்பார். சந்தேகம் தட்டினால் திரும்பிப் போய் இன்னொரு முறை கை கழுவுவார். மற்றவர்களையும் விடமாட்டார். "மாப்ள, தலைக்கு எண்ணெ வச்சிருக்கியா? அப்ப வெளியவே நில்லு" என்று வாசலிலேயே மறித்துவிடுவார். திருமங்கலம் சாலையில் இருக்கும் அந்த வாயு ஆலையில் இது எல்லோருக்கும் பழகிப்போன கூத்து.

அவர் தலையும் எண்ணெயைப் பார்த்துச் சில வருடங்கள் ஆகின்றன. முடி செம்பட்டை பாய்ந்து நாலா பக்கமும் பறக்கும். மஹால் பக்கத்துத் தெருவில், இரண்டு பக்கமும் தறி ஓடும் வீடுகளுக்கு நடுவே அவர் வீடு. மனைவி ராதாமணி அவரைப் பாதி சௌராஷ்டிரத்தில் திட்டுவார். வெளியாள் இருந்தால் அவருக்கும் விளங்கட்டும் என்று மீதியைத் தமிழில் திட்டுவார். "எண்ணெ வச்சுவிட ஆளில்லாத மாதிரி அலையிறாரு. பாக்கிறவுக என்னைத்தான் பேசுவாக." சௌரிராஜன் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவார். காரணத்தை மட்டும் அந்த அம்மாளிடம்கூடச் சொன்னதில்லை.

ஆலையில் நைட்ரஜனைச் சிலிண்டர்களில் அடைத்து அனுப்புகிறார்கள். அதில் துளி ஆக்சிஜன் கலந்திருந்தாலும் கண்டுபிடிப்பது இவர் வேலை. அதற்கென்று சீமையிலிருந்து வந்த ஒரு கருவி. உள்ளே சாக்பீஸ் நிறத்தில், அதைவிடக் கொஞ்சம் தடிமனாக ஒரு பீங்கான் குழாய். அதைத் தணலாகச் சூடேற்றி வைத்திருப்பார்கள். குழாய்க்கு வெளியே நாம் மூச்சு விடும் காற்று, உள்ளே சோதிக்க வேண்டிய வாயு. இரண்டிலும் இருக்கும் ஆக்சிஜனின் ஏற்றத்தாழ்வு அந்தப் பீங்கான் சுவரில் சின்ன மின்சாரமாகப் பிறந்து மீட்டர் முள்ளை நகர்த்தும். பத்து லட்சத்தில் நாலைந்து பங்கு இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

"நல்ல சாமான்தாண்ணே" என்பார் கேட்பவர்களிடம். "ஒரே ஒரு கிறுக்கு உண்டு. எண்ணெ வாடை, ஸ்பிரிட் வாடை எது கூடப் போனாலும் அந்தச் சூட்டுல எரிஞ்சுபோகும். எரியிறதுக்கு அங்கன இருக்கிற ஆக்சிஜனையே தின்னுரும். முள்ளு சடார்னு எறங்கி, காத்து சுத்தம்னு சொல்லிப்புடும்." இதைச் சொல்லி முடித்ததும் அவர் முகம் சுண்டிப்போகும். கேட்டவர் பாவம், தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்.

கருவி வந்த வருடம் எழுபத்தொன்பது. அந்த ஆயுத பூசைக்கு ஆலை முழுவதையும் நிறுத்திக் கழுவினார்கள். புதுக் கருவியை வெறுமனே தண்ணீர் தொட்டுத் துடைக்க சௌரிராஜனுக்கு மனம் வரவில்லை. முன்பு வாயுவைச் சோதித்த கண்ணாடிக் குடுவைகளைத் துடைக்கிற வழக்கப்படியே, கருவிக்கு வாயு கொண்டுபோகும் குழாய்களையெல்லாம் கழற்றி, ஸ்பிரிட்டில் முக்கிய துணியை உள்ளே விட்டுப் பளபளவென்று துடைத்தார். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நின்ற ஆலையை மறுபடி ஓட்டும்போது முதலில் வரும் வாயுவில் ஆக்சிஜன் நிறைய இருக்கும். முள் இறங்கும்வரை அதை வெளியே விட்டுத் தள்ள வேண்டும். விஜயதசமியன்று முள் எடுத்த எடுப்பிலேயே இறங்கிவிட்டது. "பாத்தியா, பூசை பண்ணதுக்குப் பலன்!" என்று குதூகலித்து, சிலிண்டர்களை நிரப்பச் சொல்லிவிட்டார்.

அவை பசுமலைப் பக்கம் நல்லகாமன் நடத்திய சின்ன பல்பு பட்டறைக்குப் போயின. பல்புகள் ஏற்றியவுடனே உள்ளுக்குள் புகை படிந்து செத்தன. நல்லகாமன், பல்புகளுக்கு சீல் வைக்கும் ஒச்சாயியைக் கையோடு கூட்டிக்கொண்டு ஆலைக்கு வந்துவிட்டார். "காத்துல கோளாறா, இந்தப் புள்ள கையில கோளாறா? நீங்களே சொல்லுங்கண்ணே."

"காத்துல குத்தமே கெடையாது. நானே பாத்தது. சீலு வைக்கிற கையக் கவனிங்க" என்றார் சௌரிராஜன். "எப்பவும் போலத்தாண்ணே வச்சேன்" என்று ஒச்சாயி சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாளே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மார்கழியில் இன்னொரு முறை ஆலை நின்று ஓடியது. இந்தத் தடவை குழாயின் ஒரே ஒரு இணைப்பை மட்டும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பொருத்தினார். வாயு வந்தவுடனே முள் சரிந்தது. ஸ்பிரிட் வாடை அடங்க அடங்க, அதே முள் மெல்ல மேலே ஏறிக்கொண்டே போனது. விஜயதசமியன்று முள் இறங்கியதும் இதே ஸ்பிரிட்டால்தான் என்று சௌரிராஜனுக்கு விளங்கிவிட்டது. நேரே மேனேஜரிடம் ஓடினார். "ஆறின புண்ணைக் கீறாதய்யா. கம்பெனி பேரு என்னாகிறது?" என்றார் அவர். சௌரிராஜன் வாயை மூடிக்கொண்டார். துடைத்தது தெரியாமல் செய்த தப்பு, மூடியது தெரிந்தே செய்தது. இந்த இரண்டாவதுதான் அவரைத் தின்றது.

இன்றைக்குப் போய்ச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வருடங்கள் ஓடின. போன மாதம் நல்லகாமன் பட்டறையை விற்றுவிட்டு ஊர்ப்பக்கம் போய்விட்டதாகத் தகவல் வந்தது. உண்மையைச் சொன்னாலும் ஒச்சாயி திரும்பிப் போக இனி அந்த வேலை இல்லை. அதைக் கேட்டபிறகுதான் மனிதர், ஒச்சாயி இப்போது இருக்கும் சோழவந்தானுக்கு பஸ் ஏறினார். இவ்வளவு காலம் எதற்குத்தான் காத்திருந்தாரோ!

வெற்றிலைக் கொடிக்காலின் வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஒச்சாயி இலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அடையாளம் தெரிந்துகொண்டாள், வாங்க என்று சொல்லவில்லை. அவர் ஸ்பிரிட்டிலிருந்து மேனேஜர் வரைக்கும் எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தார்.

"அன்னைக்கே நான் சொன்னேன்லண்ணே" என்றாள்.

"சொன்னே தாயி. நான் மீட்டரத்தான் பாத்தேன்."

"இத எங்கிட்ட வந்து சொல்லி என்ன செய்ய? எனக்குத்தான் தெரியுமே" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "எங்க மாமியாவுக்குத்தான் தெரியாது. வீட்டுல ஒரு சட்டி ஒடஞ்சாலும், வேலைய விட்டுத் தொரத்துன கைதானேங்கிறாக. பொங்கல் பானையத் தொட விடுறதில்ல. எம் மக முன்னாலயே அம்புட்டும் சொல்றாக. அந்தா, கடைசியில நிக்கிறாக. அவுகளுக்குச் சொல்லுங்க."

சௌரிராஜன் அந்தப் பக்கம் திரும்பினார். இடையில் நாலைந்து பெண்கள் இலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா... உங்க மருமக மேல குத்தமில்ல. குத்தம் என்னுது" என்று சத்தமாகச் சொன்னார். பெண்கள் கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். கடைசியில் நின்ற கிழவி காதருகே கையைக் குவித்து, "யாருய்யா அது? என்ன சொல்றே?" என்றாள்.

அவர் ஒச்சாயியைப் பார்த்தார். ஒச்சாயி மடியில் இருந்த இலைகளைக் கூடையில் போட்டாள். பிறகு நடைபாதையில் சரிந்து கிடந்த கொடிகளை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்து, அவர் கிழவியிடம் போவதற்கு வழிவிட்டு நின்றாள்.