அப்பாவின் வயலட் பூக்களும் அம்மாவின் காய்ச்சலும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பலர், இருமலோடு எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவின் வயலட் சர்பத்தைக் குடித்துவிட்டுப் போனவர்கள். அவர் மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது.

அப்பா பிறந்தது குன்னூரில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, கடையில் வேலை பார்த்துக்கொண்டே படித்து, உத்தியோகம் கிடைத்து மயிலாப்பூர் வந்தார். மலையில் ஈர நிழலில் வளர்கிற வயலட் இந்த வெயிலில் பிழைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பா வடக்குப் பார்த்த பால்கனியில் ஈரச் சாக்குக் கட்டி, அதன் பின்னால் தொட்டிகளை வைத்தார். கோடையில் பாதி செத்துப்போகும். மிஞ்சியவை மார்கழியில் பூக்கும். இதழ்களை மட்டும் கிள்ளி, வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டிச் சர்க்கரை சேர்ப்பார். வேரைத் தொட்டால் திட்டுவார். வயிற்றுக்குள் போனால் வாந்தி வருமாம். எதற்கும் பயப்படுகிற மனிதர். கேஸை மூடினோமா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருவார்.

கொரோனா வந்த ஆண்டின் மார்கழியில் சித்தப்பாவுக்கு முதலில் வாசனை போனது. பிறகு மூச்சு. கடைசியாக முகம் பார்க்கக்கூட எங்களை விடவில்லை. அடுத்த வாரமே அம்மாவுக்குக் காய்ச்சல்.

அடையாறில் இருக்கும் என் வீட்டிலிருந்து மருந்தும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு ஓடினேன். மாடிக்கு வராதே என்று அப்பா சொல்லிவிட்டதால் கீழேயே நின்றேன். பால்கனியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் மூக்கருகே அப்பா ஒரு வயலட்டை நீட்டினார்.

"வாசனை வருதா?"

"வருதுங்க."

மறுபடியும் நீட்டினார்.

"இப்ப வரலையே."

அப்பா பூவைத் தன் மூக்கில் வைத்து இரண்டு முறை இழுத்தார். அவர் முகம் வெளுத்தது கீழிருந்தே தெரிந்தது.

"எனக்கும் போயிடுச்சும்மா. ரெண்டு பேருக்கும் போயிடுச்சு. நீ இங்க நிக்காதே, போயிடு."

 போகவும் முடியவில்லை, மேலே ஏறவும் முடியவில்லை. அம்மாதான் காய்ச்சலோடு எழுந்து உள்ளே போய், காபித்தூள் டப்பாவைத் திறந்துகொண்டு வந்தார்.

"இத மோந்து பாருங்க."

அப்பா முகர்ந்தார். "வருதுடி" என்று சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரம் கழித்துப் பூவின் வாசனையும் திரும்பி வந்தது. ஓரிரு மூச்சில் மூக்கை மரக்கச் செய்வது வயலட்டின் குணம் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பா பறித்துச் சர்பத் போடுவாரே தவிர, நின்று முகர்ந்ததில்லை.

ஆனாலும் பயம் விடவில்லை. காய்ச்சல் இறங்கும்வரை அம்மாவின் அறை வாசலில் நாற்காலி போட்டு, அவர் மூச்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா பிழைத்தார்.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கும்மா. உங்கம்மா தனியா என்ன பண்ணுவா?" என்று கேட்டார். நான் இருக்கிறேன் என்றேன். நம்பினாரா, தெரியவில்லை. அதன்பின் அவர் பேசவில்லை.

அந்த நாட்களில் எங்களோடு கண்விழித்த கீழ்வீட்டாருக்கும், காரியங்களில் துணைநின்ற உறவினர்களுக்கும் நன்றி. "நீ உள்ள போக்கா, நான் இங்கயே நின்னுகினு இருக்கேன்" என்று சொல்லி, கடைசிவரை ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த ஆட்டோக்காரத் தம்பிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

இன்னும் ஒன்று கேட்கிறேன். அம்மா பகலில் தனியாகத்தான் இருக்கிறார். மயிலாப்பூர்ப் பக்கம் வந்தால் மாடியேறி மணியடியுங்கள். மெதுவாகத்தான் வருவார். கதவு திறக்கும்வரை நில்லுங்கள்.