ஷாரோனின் கண்ணாடியைக் கழற்றிய ஞாயிறு

ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளே,

என் மகள் ஷாரோனுக்குக் கண் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. அதே நாட்களில் நம்முடைய சபை, அவளுக்குக் கண் சுகமாகிவிட்டது என்று கைதட்டிக்கொண்டிருந்தது.

இதைச் சாந்தமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நான் லொறி ஓட்டுகிறவன், அதிகம் படித்தவன் அல்ல. கோபத்தை மறைத்து எழுதும் கெட்டித்தனம் எனக்கு இல்லை. கர்த்தர் என் கோபத்தையும் சேர்த்துத்தான் கேட்டார். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் புத்தளத்துக்கு லோட் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். அன்று கொட்டாஞ்சேனையில் நம் சபையில் சுகமளிக்கும் ஆராதனை. பெண்கள் ஜெபக்குழுவை நடத்தும் கிரேஸ் அன்ரி, ஷாரோனை முன்னால் கூப்பிட்டார். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேரை மறைக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.) தலையில் கை வைத்து ஜெபித்தார். அவளுடைய தடித்த கண்ணாடியைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டார். வேதத்தைக் கொடுத்து, உனக்குப் பிடித்த சங்கீதத்தை விசுவாசத்தோடு வாசி என்றார். ஷாரோன் ஒரு சொல் தடக்காமல் வாசித்தாள். மண்டபம் அதிர்ந்ததாம். என் மனைவி அழுதுவிட்டாளாம். நான் வீட்டுக்கு வந்தபோது கண்ணாடி அலுமாரிக்குள் கிடந்தது.

நானும் முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். ஏன் சொல்லமாட்டேன்? பெற்ற தகப்பன் அல்லவா?

பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. எந்த நேரமும் கண்ணைக் கசக்கினாள். தேத்தண்ணிக் கோப்பையை மேசை விளிம்புக்கு அப்பால் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறாள் என்று ரீச்சர் ஆளனுப்பினார். அப்புறம் ஒரு நாள் ஆமர் வீதியைக் கடக்கும்போது, நேரே வந்த த்ரீவீலை அவள் காணவே இல்லை. கையைப் பிடித்து இழுத்தேன். ஓட்டினவன் எங்களைச் சிங்களத்தில் ஏசிவிட்டுப் போனான். அவனை ஏச எனக்கு வாய் வரவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

அந்த வீதி ஓரத்திலேயே கேட்டேன். அழுதுகொண்டு சொன்னாள். அந்த ஞாயிறு அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. வேத வசனப் போட்டிக்கு மனப்பாடம் பண்ணியிருந்த சங்கீதத்தைத்தான் சொல்லியிருக்கிறாள்.

"ஏன் மகள் அப்பவே சொல்லேல்ல?"

"எல்லாரும் கை தட்டீட்டினம் அப்பா."

பிள்ளைகளே, அந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை. அத்தனை பெரியவர்களின் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்று தன் கண்ணைப் பலி கொடுத்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கிரேஸ் அன்ரி வீட்டுக்குப் போய்க் கத்தப் புறப்பட்டேன். மனைவி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். முதலில் பிள்ளையின் கண்ணைப் பாருங்கள், சண்டை எங்கேயும் ஓடிவிடாது என்றாள்.

என் முதலாளி வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கும் தனியார் கண் கிளினிக் ஒன்றுக்கு அனுப்பினார். அங்கே லேடி டொக்டர் ஷாரோனின் கண்ணைப் படம் எடுத்து எனக்குக் காட்டினார். கருவிழியின் முன்பக்கம் மெலிந்து கூம்பு மாதிரித் தள்ளிக்கொண்டு வருகிறதாம். கண்ணாடி இல்லாமல் கஷ்டப்பட்டுக் கசக்கக் கசக்க அது இன்னும் மோசமாகுமாம். ஒரு சிகிச்சை இருக்கிறது. மருந்துச் சொட்டு விட்டு, ஒரு நீல ஒளியைப் பாய்ச்சிக் கருவிழியை இறுக்குவார்கள். கண்ணாடி போடுவதை அது நிறுத்தாது, மேலும் கெடுவதைத்தான் நிறுத்தும் என்று ஒளிக்காமல் சொன்னார். தாமதித்தால் பிறகு வேறொருவரின் கருவிழியை வைத்துத் தைக்க வேண்டி வரலாம் என்றும் சொன்னார்.

சிகிச்சைக்கு நாள் குறித்தோம். அந்த நாளும் வந்தது. உள்ளே கூப்பிட்டார்கள். ஷாரோன் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"நான் போகமாட்டன் அப்பா. போனா, சபையில நான் சொன்னது பொய் எண்டாகிடும். கர்த்தருக்குத்தான் வெட்கம்."

கெஞ்சிப் பார்த்தேன். அதட்டிப் பார்த்தேன். நேர்ஸ் வந்து, பயப்பட வேண்டாம் மகள் என்று சிங்களத்தில் சொல்லித் தடவிக்கொடுத்தார். அவள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இல்லாவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும் என்று நேர்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.

அங்கேயே ஜெபித்தேன். நீங்கள் ஞாயிறு பாடசாலையில் படித்த மாதிரியான ஜெபம் அல்ல அது. ஆண்டவரே, உம்முடைய பேரைச் சொல்லித்தான் என் பிள்ளையின் கண்ணாடியைக் கழற்றினார்கள், உம்முடைய பேரைக் காப்பாற்றத்தான் அவள் குருடாகப் போகிறாள், இதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருக்கிறீர் என்று கேட்டேன். இது உம்முடைய வேலை, நீரே வந்து முடித்துவையும் என்றேன். ஆமென்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு கோபம்.

உள்பக்கத்துக் கதவு திறந்தது. ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி வைத்து ஒட்டிய ஒரு வயதான அம்மாவை இன்னொரு நேர்ஸ் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். வேறு கதிரை இல்லாததால் எங்கள் பக்கத்திலேயே இருத்தினார். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, தம்பி, இப்ப நேரம் என்ன என்று கேட்டார்.

கிரேஸ் அன்ரி.

 அவருக்கு நாங்கள் யாரென்று தெரியவே இல்லை. கொட்டாஞ்சேனையில் செய்தால் சபை ஆட்கள் காண்பார்கள் என்று வெள்ளவத்தை வரைக்கும் வந்து கண்ணில் படர்ந்த புரையை, கற்றாரக்டை, வெட்டியிருக்கிறார் என்று பிறகு அறிந்தேன். அவர் வீட்டு வாசலில் நின்று கேட்கவென்று எத்தனையோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். எழுந்துவிட்டேன். அதற்குள் ஷாரோன் முந்திவிட்டாள்.

"அன்ரி, நோகுதா?"

அந்தக் குரலைக் கேட்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது.  பிறகு சொன்னார்: "நோகேல்ல மகள். பயந்ததுதான் பெரிசு."

"நீங்க உங்களுக்கு ஜெபிக்கேல்லையா?"

"ஜெபிச்சனான். ஒவ்வொரு நாளும். உன்னை முன்னுக்கு நிப்பாட்டின அண்டைக்கு எனக்கு உன்ர முகமே பனிப்புகார் மூடின மாதிரித்தான் தெரிஞ்சது. நீ புத்தகத்தைப் பாக்கிறியா இல்லையா எண்டு எனக்குத் தெரியாது."

"நான் பாக்கேல்ல அன்ரி. பாடமாக்கினதைச் சொன்னனான்."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. நேர்ஸ் ஓடி வந்து, அம்மா அழக் கூடாது, கண் கெட்டுவிடும் என்று அதட்டினார். அழவும் முடியாமல் அந்த மனுஷி பட்ட பாட்டைப் பார்த்து, என் கோபம் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றது. அவர் ஷாரோனின் கையைத் தேடிப் பிடித்தார்.

"நீ உள்ள போ. சபைக்கு நான் சொல்லுறன். வெட்கம் எனக்கு, உனக்கில்ல. கர்த்தருக்குமில்ல."

ஷாரோன் எழும்பினாள். என்னைத் திரும்பியும் பார்க்காமல் உள்ளே போனாள்.

பிறகு சில நாள் வலியில் துடித்தாள். நேரத்துக்கு நேரம் சொட்டு மருந்து விட்டோம். அவள் கண்ணைக் கசக்கிவிடாதபடி மனைவி பக்கத்திலேயே இருந்தாள். பிறகு வந்த ஒவ்வொரு பரிசோதனையிலும் டொக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மெலிவது நின்றுவிட்டது என்றார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். லொறி ஓட்டும்போதுகூட அதை வாய்விட்டுச் சொல்கிறேன்.

கிரேஸ் அன்ரி சொன்னபடியே செய்தார். சபையில் எழுந்து நின்று, தன் கண்ணையும் சொன்னார், என் பிள்ளையின் கண்ணையும் சொன்னார். அன்று யாரும் கை தட்டவில்லை. இப்போது அவருடைய ஜெபக்குழுவில் யாருடைய கண்ணாடியையும் யாரும் கழற்றுவதில்லை. மருந்துப் போத்தலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஜெபிக்கிறார்கள். அவரோடு நான் கதைக்கிறேன். கோபம் முழுதாகப் போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய்ச் சாட்சி. குறைந்திருக்கிறது.

பிள்ளைகளே, உங்களை யாராவது முன்னால் நிறுத்திச் சுகமா என்று கேட்டால், சுகமில்லை என்றால் சுகமில்லை என்று சொல்லுங்கள். கேட்கிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சொல்லுங்கள். கர்த்தருடைய பேரை உங்கள் பொய்யால் காப்பாற்ற வேண்டியதில்லை. அவரை நம்புங்கள். கோபம் வந்தால் கோபத்தோடேயே அவரிடம் போங்கள். கண் தெரியாவிட்டால், தெரியவில்லை ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டு போங்கள். அவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.