இருபத்தாறாவது முடிச்சு

என் கல்யாண மண்டபத்து ஆபீஸ் அறையில், மற்ற மண்டபக்காரர்கள் அமைச்சரோடு நிற்கும் போட்டோவை மாட்டுகிற இடத்தில், நான் ஒரு கயிற்றைச் சுருட்டி மாட்டி வைத்திருக்கிறேன். தேங்காய் நார்க் கயிறு. கிணற்றில் வாளி கட்டி இறைப்பார்களே, அந்தத் தடிமன். இரண்டு முழத்துக்கு ஒன்றாக இருபத்தாறு முடிச்சுகள். மண்டபம் புக் பண்ண வருகிறவர்கள் தேதியைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார்கள். "இன்னா சார், கயித்தப் போய் ஆணியில மாட்டி வெச்சிருக்கீங்க?" என்பார்கள். ஒருமுறை விளையாட்டுக்கு, தேர் இழுத்த கயிறு என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் எழுந்து போய்த் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றைக்குப் பிறகு அந்த விளையாட்டை விட்டுவிட்டேன்.

நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவன். பெருமைக்குச் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. கிளீனராக லாரியில் ஏறி, டிரைவராகி, முப்பத்திரண்டு வயதில் மூன்று லாரிக்குச் சொந்தக்காரனாக இறங்கியவன் நான். ஆளில்லாத நாளில் நானே ஸ்டியரிங் பிடிப்பேன். பல்லாவரத்திலிருந்து மறைமலை நகர் வரைக்கும் எண்பதுகளில் எழும்பிய கட்டடங்களை எண்ணிப் பார்த்தால் பாதிக்கு அடியில் என் ஜல்லி கிடக்கும். டிகிரி வாங்கியவர்கள் என்னிடம் கைகட்டிக் கணக்கு எழுதினார்கள். என்னை வாய் அடைக்க வைத்த ஆட்கள் இந்தப் பக்கத்திலேயே ரொம்பக் குறைவு. அந்தக் கொஞ்சப் பேரில் முதல் ஆள் ஒரு டீச்சர். கயிறு அவருடையது.

தாம்பரத்துக்கு மேற்கே, எங்கள் ஊரில் அப்போது கல்குவாரிகள் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தன. குவாரியிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக ஒரே வழிதான். இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று சக்கரத்தை மண்ணில் இறக்கியாக வேண்டும். தாருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பள்ளம், பள்ளம் முழுக்க சீமைக் கருவேல முள். அந்த வழியில்தான் கல் உடைக்கிறவர்கள் காலனியும் இருந்தது, அங்கிருந்து ஒரு மைல் தள்ளி யூனியன் பள்ளிக்கூடமும் இருந்தது. எங்கள் டிரைவர்களுக்கு எத்தனை நடையோ அத்தனை காசு. காலை எட்டரை மணிக்குப் பிள்ளைகள் ரோட்டில் இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. எட்டரை மணிக்குத்தான் தாம்பரத்துக் கட்டட வேலைகளில் ஜல்லிக்குக் காத்துக்கொண்டிருப்பார்கள் என்பதும் தெரியும்.

ஒரு ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். மேல்காற்று அடிக்கிற நாள். மூன்று லாரிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாகப் போயின. நடுவில் போனது என்னுடையது, அன்று ஓட்டினவனும் நான்தான். மெயின் ரோட்டில் ஏறிய பிறகு யாரோ சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்து சொன்னார்கள்: நாலாம் வகுப்புப் பெண் ஒன்றின் பாதத்தின்மேல் சக்கரம் ஏறிவிட்டது. உயிர் பிழைத்தாள். பாதம் பிழைக்கவில்லை. எந்த வண்டி என்று போலீஸ் கேட்டது, ஊர் கேட்டது. புழுதியில் யாருக்கும் தெரியவில்லை. முன்னால் போனவன் பின்னால் வந்தவனைச் சொன்னான், பின்னால் வந்தவன் முன்னால் போனவனைச் சொன்னான். நடுவில் போனவன் இரண்டு பேரையும் சொன்னான்.

அடுத்த வாரம் அந்த டீச்சர் கயிற்றோடு ரோட்டுக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, ரப்பர் செருப்பு, தினமும் கத்திக் கத்திக் கரகரத்துப் போன குரல். தாம்பரத்திலிருந்து முதல் பஸ் பிடித்துக் காலனி வாசலில் இறங்குவார். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வர, அவர் கடைசியில், ரோட்டை ஒட்டி நடப்பார். டீச்சர்கள் முன்னால்தானே போவார்கள் என்று டீக்கடையில் யாரோ கேட்டதற்கு, "முன்னாடி வர்ற வண்டிக்கு எங்களைத் தெரியும். பின்னாடி வர்றதுக்குத்தான் தெரியாது" என்றாராம். கயிறு டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டோம். நானே ஒருநாள் வண்டியை நிறுத்தித் தலையை நீட்டிக் கேட்டேன்: "இன்னா டீச்சர், பசங்கள சந்தைக்கு ஓட்டிக்கினு போறீங்களா?"

அவர் நிற்கக்கூட இல்லை. "ஆமாண்ணா. மாடுன்னாவாச்சும் நீங்க பிரேக் போடுவீங்க" என்றார்.

பக்கத்தில் கிளீனர் சிரித்தான். நான் கியரைப் போட்டேன். அந்த நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். அவர் கைக்கு முன்னால் இருந்த கடைசி முடிச்சை யாரும் பிடித்திருக்கவில்லை. வரிசையில் ஒரு பொடிசு பிடிக்க இடமில்லாமல் இன்னொன்றின் கைமேல் கை வைத்து நடந்தது, ஆனாலும் அந்த முடிச்சு சும்மாதான் ஆடிக்கொண்டு போனது. பிறகு விசாரித்ததில் தெரிந்தது. அது அந்தப் பாதம் போன பெண்ணுக்கு. டீச்சர் அவள் வீட்டுக்கு வாரா வாரம் போய் அவள் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "அவ வருவா. வரும்போது எடம் இல்லைன்னு சொல்ல முடியாது" என்பாராம்.

கயிற்றோடு அவர் நிற்கவில்லை. ரோட்டுக்குப் பக்கத்தில், கல் வைத்து உயர்த்தி, பிள்ளைகள் நடக்கவும் தாம்பரம் ஹைஸ்கூலுக்குப் போகிற பெரிய பெண்கள் சைக்கிள் விடவும் ஒரு தனிப் பாதை வேண்டும் என்று மனு எழுத ஆரம்பித்தார். அந்த ஜூனுக்குப் பிறகு ஹைஸ்கூல் பெண்களில் பாதிப் பேரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்று அதில் எழுதியிருந்தார். கலெக்டர் ஆபீஸ், யூனியன் ஆபீஸ் என்று அலைந்தார். அந்த வருடம் எங்கள் ரோட்டுக்கென்று யூனியனில் ஒரு தொகை ஒதுங்கியிருந்தது. அதை வைத்து ஒன்று ரோட்டை அகலப்படுத்தலாம், இல்லையென்றால் பாதை போடலாம். இரண்டுக்கும் காணாது. அகலப்படுத்தினால் எங்கள் வண்டிகள் இன்னும் வேகமாகப் போகும். எது அவசியம் என்று நேரில் பார்த்து எழுத ஓர் இன்ஜினியர் வருவதாகச் சேதி வந்தது. அவர் எழுதுவதுதான் முடிவு.

லாரி ஓனர்கள் டீக்கடையில் கூடினோம். சங்கத் தலைவர் கையைப் பிசைந்தார். யோசனை சொன்னது நான். மூளைக்கு என்னிடம் எப்போதும் பஞ்சமில்லை. "இன்ஜினியரு வர்ற அன்னிக்கு பத்து மணி வரைக்கும் ஒரு வண்டியும் எடுக்கக் கூடாது. விடிகாலைல டேங்கர்ல தண்ணி வுட்டுப் புழுதிய அடக்கிடலாம். வந்து பாக்கட்டும். மனுவுல எழுதனது பொய்னு அவரே சொல்லிக்கினு போவாரு" என்றேன். தலைவர் எனக்கு ஸ்பெஷல் டீ சொன்னார். அதைக் குடித்தேன்.

அன்றைக்கு ரோடு எப்படி இருந்தது தெரியுமா? கழுவி விட்ட மாதிரி. எனக்கே அது என் ரோடுதானா என்று சந்தேகம். ஒரு மைல் தூரத்தில் ஆள் பேசுவது காதில் விழுந்தது. குவாரிக்குள் வரிசையாக நின்ற லாரிகளில் டிரைவர்கள் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்ஜினியர் வந்து ஜீப்பைக் காலனிப் பக்கம் நிழலில் விட்டுவிட்டு எங்களோடு நடந்தார். டேப் வைத்து அளந்தார், நோட்டில் எழுதினார். "பாத்தீங்களா சார், கோயில் வீதி மாதிரி கீது. டீச்சரம்மா கொஞ்சம் பயந்த சுபாவம்" என்றார் தலைவர். இன்ஜினியர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த ஆட்டலைப் பார்த்து நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வளைவில் கயிறு வந்தது. முன்னால் பெரிய பெண், பின்னால் வரிசை, கடைசியில் டீச்சர். வெறும் ரோட்டைப் பார்த்தார், ஈரத்தைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். வரிசையை நிறுத்தாமல் நடந்து வந்து, எங்கள் பக்கத்தில் வந்ததும், "சார், தினமும் இப்படி இருக்காது" என்றார்.

"இன்னிக்கு மட்டும் லாரிக்கு லீவா டீச்சர்?" என்றார் தலைவர். நாலைந்து பேர் சிரித்தார்கள். இன்ஜினியர் தயக்கமாக, "மனுவுல இருக்கிற அளவுக்கு எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா. நான் பார்த்ததைத்தானே எழுத முடியும்" என்றார். டீச்சர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு வாக்கியத்தை நான் முடித்து வைப்பேன் என்று காத்திருக்கிற மாதிரி பார்த்தார். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

இன்ஜினியரை ஏற்றிக்கொள்ள ஜீப் டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் மெதுவாக வந்தான். மரியாதைக்கு ஒரு தடவை ஹாரனைத் தொட்டான். அவ்வளவுதான் செய்தான்.

பிள்ளைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் பள்ளத்தில் இறங்கின. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முள்ளுக்கு எதிரே முகத்தைத் திருப்பி, ஒரு கை முடிச்சில், இன்னொரு கையை மடக்கிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றன. ஜீப் அவர்களைத் தாண்டிப் போய் நின்றது. நனைந்த ரோட்டில் ஒரு சிட்டிகைப் புழுதி இல்லை. ஆனாலும் ஒன்றும் ஏறி வரவில்லை. எண்ணிக்கொண்டிருந்தன. "நாலு, அஞ்சு, ஆறு" என்று எல்லாம் சேர்ந்து, பாடம் ஒப்பிக்கிற மாதிரி. அந்த அமைதியில் ஒவ்வொரு எண்ணும் தெளிவாகக் கேட்டது. டீச்சர் நிறுத்தச் சொல்லவில்லை. இருபது வந்ததும் கையை எடுத்துவிட்டு மேலே ஏறின. ஒரு சின்னப் பெண்ணின் முழங்காலில் முள் கிழித்து ரத்தம் கோடு போட்டிருந்தது. அவள் அதைப் பாவாடையால் துடைத்துவிட்டு முடிச்சைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

இன்ஜினியர் குனிந்து கேட்டார்: "ஏம்மா பள்ளத்துல எறங்கின? அது ஜீப்புதானே?"

"பாக்க மாட்டோம் சார். சத்தம் கேட்டா எறங்கிடணும்."

"எதுக்கு எண்ணின?"

"இருபது எண்ணாதான் புழுதி போவும். அதுக்கு முந்தி ஏறினா பின்னாடி வர்ற வண்டி தெரியாது சார்."

அதுவரைக்கும் நான் அந்தக் காட்சியைப் பார்த்ததில்லை. பத்து வருடம் அதே ரோட்டில் ஓட்டியவன். ஓட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும்? கண்ணாடியில் புழுதிதான் தெரியும்.

இன்ஜினியர் நிமிர்ந்து, செருப்பால் ஈரத் தாரைத் தேய்த்தார். "இந்த ரோட்டுக்குத் தண்ணி விட்டது யாரு?" என்றார். அந்த இடத்தில் நான் முன்னால் வந்து உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கு ஆசைதான். என் பேரன் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். நான் சொல்லவில்லை. ஒருவரும் சொல்லவில்லை. அவர் நோட்டில் ஏற்கெனவே எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ரோட்டோரத்துக் கல்லின்மேல் உட்கார்ந்து புதிதாக எழுத ஆரம்பித்தார்.

பாதை வந்தது. முழங்கால் உயரத்துக்குக் கல் கட்டி, சைக்கிள் போகிற அகலத்துக்கு ஒரு மைல். அதற்கான ஜல்லி என் லாரியில்தான் போனது, கூலி வாங்கிக்கொண்டுதான் போட்டேன். திறந்த முதல் வாரம், வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது எட்டுப் பெண்கள் சைக்கிளில் வரிசையாக வந்தார்கள். எதிரே யாருமே இல்லை, ஒருத்தி பெல்லை அடித்துக்கொண்டே போனாள்.

அதே வாரம் டீச்சர் என் ஷெட்டுக்கு வந்து கயிற்றை மேஜைமேல் வைத்தார். "இனிமே இது வேணாம். லோடுக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டுங்கண்ணா, கல்லு சிதறாம இருக்கும்" என்றார். நாற்காலி போடச் சொன்னேன், உட்காரவில்லை. வாசல் வரைக்கும் போனவரை நிறுத்தி, எத்தனையோ மாதம் தொண்டையில் கிடந்ததைக் கேட்டேன். "அது எந்த வண்டின்னு உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"அந்தப் புழுதியில எனக்கு என்ன தெரியும்?" என்றார். பிறகு திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

நான் மேஜைமேல் கிடந்த கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தேன். அன்றைக்கு ஸ்டியரிங்கில் ஏதாவது தட்டியதா, தட்டவில்லையா என்று ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். அந்த ரோட்டில் எல்லாமே தட்டும். அந்தப் பெண் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. அவள் குடும்பம் மறு வருடமே வேறு குவாரிக்குப் போய்விட்டது. டீச்சரும் மாற்றலாகிப் போனார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

குவாரிகள் மூடிப் பல வருடம் ஆகிறது. என் லாரி ஷெட் இருந்த இடத்தில்தான் மண்டபம் நிற்கிறது. அதே பாதைக்கு இப்போது டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். முகூர்த்த நாளில் வருகிற கார்களெல்லாம் அதன்மேல்தான் ஏறி நிற்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ரோட்டில் இறங்கிச் சுற்றிப் போகும். ஆகவே முகூர்த்தக் காலைகளில் ஏழரை மணிக்கே ஒரு கழியை எடுத்துக்கொண்டு நானே பாதையில் போய் நின்றுவிடுகிறேன். "ஏசி மண்டபம் கட்டிட்டு வாட்ச்மேன் வேலை பாக்குறாரு பெருசு" என்று சமையல்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மாப்பிள்ளை வீட்டுக் காரையே நான் பின்னால் எடுக்க வைத்திருக்கிறேன். என் அளவுக்குத் தைரியம் இந்த ஏரியாவில் எந்த மண்டபக்காரனுக்கும் கிடையாது.

இறங்கிப் போவதற்கு முன்னால் ஆணியில் இருக்கிற கயிற்றைக் கையில் ஓட விடுவது வழக்கம். இருபத்தைந்து முடிச்சுகள் பிள்ளைகளின் கை வியர்வையில் கறுத்து, வழவழவென்று ஆகிவிட்டன. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் விரல் வழுக்கிக்கொண்டே போகும். கடைசி முடிச்சு வந்ததும் நின்றுவிடும். அதன் நார் இன்னும் படியவில்லை. இத்தனை வருடம் கழித்தும் விரலில் குத்துகிறது.