தைலப் புட்டியின் கறுப்பு மூடி

“எதிரி எண் ஐந்து: சோமசேகரன், வயது நாற்பத்திரண்டு. திடகாத்திரமான உடற்கட்டும் முரட்டுச் சுபாவமும் உடையவர். சம்பவ இடத்தில் கும்பலை முன்னின்று ஊக்குவித்து, கம்பை எப்படி ஓங்குவது என்று வாயாலும் கையாலும் சொல்லிக்கொடுத்தவர். பின்னர் சாட்சியத்தை அழித்தவர்.”

1979ஆம் வருஷக் குற்றப்பத்திரிகை ஒன்று இப்படிச் சொல்கிறது. எழுதியவரின் தமிழில் ஒரு குறையும் இல்லை. ஆள்தான் வேறு.

சோமசேகரன் காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். காற்றடிக்கும் நாளில் கேமரா ஸ்டாண்டை அவர் பிடித்திருக்கிறாரா, ஸ்டாண்டு அவரைப் பிடித்திருக்கிறதா என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. முரட்டுச் சுபாவம் என்று எழுதியதற்கு மட்டும் கொஞ்சம் ஆதாரம் உண்டு. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தம்பி ஜாங்கிரி தின்ற விரலால் லென்ஸைத் தொட்டுப் பார்த்தான். அடுத்த கணம் பளார் என்று ஓர் அறை. அறைந்த கையோடு லென்ஸைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளில் அவர் அடித்த ஒரே அடி அது. ஆனால் நானூறு பேர் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அடித்ததால், அது நானூறு அடியாக ஊருக்குள் போயிற்று.

அந்த லென்ஸ், வியட்நாமின் சைகோனிலிருந்து குடும்பத்தோடு திரும்பிய ஒருவரிடம் வாங்கிய ஜெர்மன் கேமராவினுடையது. ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு கண். மேல் கண் போட்டோக்காரர் குனிந்து பார்ப்பதற்கு. கீழ்க் கண்தான் படம் எடுப்பது. இரண்டையும் சேர்த்து மூடும் மூடி ஒன்றும் கூடவே வந்தது. மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து யாரோ பக்தியோடு வீசிய மாம்பழம் அந்த மூடியை இரண்டாகப் பிளந்தது. சாமிக்கு வேண்டிக்கொண்டு வீசிய பழம். யாரிடம் சண்டைக்குப் போவது?

அன்றிலிருந்து மூடி தேடுவது அவருக்கு ஒரு பிழைப்பாகவே ஆயிற்று. பவுடர் டப்பா, மை புட்டி, டானிக் புட்டி என்று காரைக்காலில் மூடியுள்ள எதையும் விடவில்லை. தளர்வாக இருந்தால் உப்புக்காற்று உள்ளே போய்க் கண்ணாடியை அரிக்கும். இறுக்கமாக இருந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் பூஞ்சை பூக்கும். காப்பாற்றுகிற மூடியேதான் கெடுக்கவும் செய்யும் என்று அவர் சொன்னால், கேட்பவர்கள் ஏதோ வேதாந்தம் பேசுகிறார் என்று நகர்ந்துவிடுவார்கள். கடைசியில் வலித் தைலப் புட்டி ஒன்றின் கறுப்பு மூடி கீழ்க் கண்ணுக்கு அளவெடுத்தாற்போலப் பொருந்தியது. உள்ளே நகைப்பெட்டி வெல்வெட்டை வெட்டி ஒட்டினார். மேல் கண்ணுக்குத் தனியாக ஒரு பவுடர் டப்பா மூடி.

இரவெல்லாம் மர அலமாரிக்குள் ஒரு சின்ன பல்பு எரியும். அந்தச் சூட்டில் கேமரா உறங்கும். மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சப் பக்கத்தில் வறுத்த அரிசி மூட்டை வேறு.

“புள்ளைங்களுக்குக் கஞ்சி, கேமராவுக்கு வறுத்த அரிசி. இந்த வீட்டுல கண்ணாடியாப் பொறந்திருக்கலாம்” என்பார் மனைவி சொர்ணாம்பாள்.

“கத்து. ஆனா அதுக்குப் பக்கத்துல நின்னு கத்தாத. மூச்சுக்காத்துல ஈரம் இருக்கு.”

ஐப்பசித் தூறலில் ஒரு பிற்பகல், மிராசுதார் சண்முகசுந்தரத்தின் வில்வண்டி ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றது. குறுவை அறுத்துக் களத்தில் நெற்பொலி குவிந்ததும் அதன் பக்கத்தில் கைகட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். சோமசேகரன் கேமராவைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார்.

களத்தில் பாதிப் பொலி இருந்தது. அதற்குப் பக்கத்துத் தென்னையில் கருப்பையன் கட்டப்பட்டிருந்தான்.

கூலி உயர்வு கேட்டு அறுப்பை நிறுத்தியவன் கருப்பையன். இடது கை முழங்கைக்குக் கீழே வளையக்கூடாத பக்கம் வளைந்து தொங்கியது. உதடு கிழிந்து ரத்தம் மழையோடு சேர்ந்து மார்பில் ஓடியது. வேட்டியை உருவி எறிந்துவிட்டுக் கழுத்தில் செருப்பு மாலை போட்டிருந்தார்கள். சுற்றிலும் கம்போடு ஆறு பேர். அவர்களுக்குத் தலைவன், மிராசுதாரின் காரியக்காரன் செல்லையன்.

“வாங்க சோமு, சரியான நேரத்துக்கு வந்தீங்க” என்றார் சண்முகசுந்தரம், கல்யாண வீட்டில் வரவேற்பது போல. “இந்த வருஷம் பொலி போட்டோ வேணாம். இவன எடுங்க. பெரிசாப் போட்டு ஒவ்வொரு தெருவாக் கொண்டுபோய்க் காட்டணும்.”

“எசமான், இவன் பொண்டாட்டி ராசாத்தி ஓடியிருக்கா” என்றான் செல்லையன். “அறுப்பாளுங்களக் கூட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள ரெண்டு காலையும் ஒடிச்சு, மண்டையில ஒண்ணு போட்டு முடிச்சிடலாம்.”

“போட்டோ எடுத்ததும் முடிச்சுடு.”

சோமசேகரன் துண்டைப் பிரித்தார். அளவு பார்ப்பதுபோல் தென்னைக்குக் கிட்டே போனார். கருப்பையன் கிழிந்த உதட்டால் முணுமுணுத்தான்.

“அடிச்சா அடிக்கட்டுங்க. இந்தக் கோலத்துல எடுக்காதீங்கய்யா. எம் மவ பாக்கும்.”

அவர் திரும்பி வந்தார். மேல் மூடியைக் கழற்றிப் பையில் போட்டார். கீழ்மூடியின் மேல் விரலை வைத்தார். பிறகு விரலை மட்டும் எடுத்துவிட்டார்.

செல்லையன் கம்பை வீசினான். முட்டியில் பட்ட சத்தம் ஈரத்தேங்காயை உடைத்த மாதிரி கேட்டது. கருப்பையன் அலறினான்.

“அசையாதீங்க!” என்று சோமசேகரன் கத்தினார். அந்த ஒல்லி உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அவருக்கே தெரியாது. “செல்லையா, கம்ப ஓங்கினா ஓங்கினபடியே நிக்கணும். மேகமூட்டமா இருக்கு, வெளிச்சம் பத்தாது. நான் பத்து எண்ணுற வரைக்கும் எவன் அசைஞ்சாலும் படத்துல பேய் மாதிரி விழுவான்.”

பேயாக விழ யாரும் தயாராக இல்லை. ஆறு கம்புகளும் வானத்தில் நின்றன. அவர் எண்ணினார். அவ்வளவு மெதுவாகப் பத்து வரை எண்ணியவர் அந்தக் கொம்யூன் பஞ்சாயத்து எல்லையில் அதற்கு முன் இல்லை.

“எசமான், சட்டைப் பொத்தான் போடுங்க. நீ மீசையைத் தொடைச்சுக்கப்பா, ரத்தம் தெறிச்சிருக்கு. அந்தக் கம்பு இவர் மூஞ்சிய மறைக்குது, எறக்கு. இன்னும் கொஞ்சம். சிரிக்காத, கோவமா நில்லு.”

கொல்ல வந்தவர்கள் தலைமுடியைக் கோதிக்கொண்டார்கள். படத்தில் முன்னால் நிற்பது யார் என்று இரண்டு பேருக்குள் தள்ளுமுள்ளு வந்து, ஒருவன் மற்றவன் விலாவில் முழங்கையால் குத்தினான். இடைவெளி கிடைத்தபோதெல்லாம் எவனாவது கருப்பையன்மேல் ஓர் அடி போட்டான். அடி விழுந்தபோதெல்லாம் சோமசேகரன் “அசையாதீங்க!” என்றார்.

செல்லையன் கண்ணைச் சுருக்கினான். “போட்டோக்காரரே, மேல ஒரு கண்ணு மின்னுது, கீழ ஒரு கண்ணு குருடு மாதிரி கறுப்பா இருக்கே?”

சோமசேகரன் குனிந்தபடியே பதில் சொன்னார். “வெளிச்சத்தக் குடிக்கிற கண்ணு அது. கறுப்பாத்தான் இருக்கும். சந்தேகமா இருந்தா நீ வந்து எடு, நான் அங்க நிக்கிறேன்.”

“டேய், அவரு தொழில அவரு பாக்கட்டும். ஒழுங்கா நில்லு” என்றார் சண்முகசுந்தரம். அசையாமல் நின்று நின்று அவருக்குக் கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டிருந்தது.

ஒரு ரோல் தீர்ந்தது. நிதானமாக வேறு ரோல் மாட்டினார். அதற்குள் செல்லையன் பொறுமையிழந்து மறு முட்டிக்குக் குறி பார்த்தான். சோமசேகரன் கேமராவை முகத்தருகே தூக்கி, மேல் கண்மேல் வாயை வைத்து ‘ஹா’ என்று ஊதினார். கண்ணாடி வெளுத்தது.

“ஈரம் ஏறிடுச்சு. தொடைக்கணும். கம்ப எறக்காத, அளவு மாறிடும்.”

ஊதினார், துடைத்தார், துடைத்தார், மறுபடி ஊதினார். பெண்டாட்டியின் மூச்சைக்கூட அண்டவிடாத மனிதர், தன் நெஞ்சிலிருந்த ஈரத்தையெல்லாம் அந்தக் கண்ணாடிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ரோலும் தீர்ந்து பிலிம் சுருள் முடிந்த சத்தம் கேட்டபோது, வரப்பில் ராசாத்தி தெரிந்தாள். அவளுக்குப் பின்னால் அரிவாளோடு தெருவே வந்தது.

அதன் பிறகு யாரும் அசையாமல் நிற்கவில்லை. செல்லையனின் காது அறுந்து பொலியில் விழுந்தது. சண்முகசுந்தரம் வாய்க்காலுக்குள் ஓடி, சேற்றில் முழங்கால் வரை புதைந்து, அங்கேயே அடிபட்டார். ராசாத்தி கட்டை அறுத்துப் புருஷனைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். யாருடைய கம்பு என்று தெரியாது, கேமராவின் நடுவில் இறங்கியது. மேல் கண் நொறுங்கியது. சோமசேகரன் அதன்மேல் குப்புற விழுந்து கிடந்தார். இரு தரப்பும் அவர் முதுகை மிதித்துக்கொண்டு சண்டை போட்டது.

போலீஸ் இரண்டு ரோலையும் கழுவிப் பார்த்தது. ஒரு படமும் இல்லை. முரண் என்னவென்றால், மூடியைக் கழற்றியிருந்தால் ஆறு பேரின் முகமும், ஓங்கிய கம்பும், மிராசுதாரின் பொத்தானும் சுத்தமாக விழுந்திருக்கும். அவர்கள் பல வருஷம் உள்ளே இருந்திருப்பார்கள். படம் இல்லாததால் சண்முகசுந்தரம் விடுதலையானார். செல்லையனும் ஆட்களும் சில மாதங்களோடு தப்பினார்கள்.

சோமசேகரனின் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். “மூடியக் கழட்ட மறந்துட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்.”

“யாரு, நானா? மூடிய மறந்தேனா?”

“எல்லா போட்டோக்காரனும் மறக்கிறதுதானே?”

“எல்லாரும் மறப்பாங்க. நான் மறக்கல” என்றார் சோமசேகரன், அவமானப்பட்டவர் போல.

கூண்டில் ஏறியும் அதையேதான் சொன்னார். “மறக்கலைங்க.” ஏன் கழற்றவில்லை என்று கேட்டதற்கு, அந்த ஆள் கேட்டுக்கொண்டான் என்றார். ஏன் முன்னால் நின்று கம்பை ஓங்கச் சொன்னீர் என்று கேட்டதற்கு, ஓங்கின கம்பு ஓங்கினபடி நின்றால் அடிக்காது என்றார். நீதிபதி இதை இரண்டு தரம் கேட்டு எழுதிக்கொண்டார். ஆறு மாதம் கொடுத்தார்.

கருப்பையன் ஒரு கை வளைந்து, ஒரு கால் விந்தி, 1980களிலும் கூலி உயர்வு கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மகள் பார்த்துவிடக்கூடிய அப்படி ஒரு படம் எங்கும் இல்லை.

சோமசேகரன் செய்தது இதுதான்: கீழ்மூடியைக் கழற்றாமல், இரண்டு ரோல் தீரும்வரை அடிக்க வந்தவர்களை அசையாமல் நிற்க வைத்தார்.